கான்பான் போர்டின் பின்பக்கம்

எங்கள் தொழிலில் 'கான்பான்', 'லீன்' என்ற சொற்கள் இல்லாமல் ஒரு மீட்டிங் முடியாது. நானும் பல வருஷமா சொல்லிட்டுதான் இருக்கேன். எல்லாம் டொயோட்டாவிலிருந்து வந்தது என்பார்கள். மூலநூலாக தாய்ச்சி ஓனோ 1978-ல் எழுதிய, டொயோட்டா உற்பத்தி முறை பற்றிய புத்தகத்தைக் காட்டுவார்கள். அவர் அந்த முறையை வடிவமைத்தவர். அதே கம்பெனியில் லைனில் நின்றவர் எழுதிய புத்தகம் ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

எழுதியவர் சதோஷி கமாதா, பத்திரிகையாளர். 1972-ல் ஆறு மாத ஒப்பந்தத்தில் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தார். கியர்பாக்ஸ் பூட்டும் வேலை. அந்த நாட்குறிப்பு 1973-ல் ஜப்பானிய மொழியில் புத்தகமானது. தலைப்பை 'விரக்தியின் கார்த் தொழிற்சாலை' என்று சொல்லலாம். 1982-ல் வந்த ஆங்கிலப் பதிப்பின் பெயர் 'ஜப்பான் இன் த பாஸிங் லேன்'. விரக்தி போய் வேகம் வந்துவிட்டது!

புத்தகத்தின் பலமே அது நாட்குறிப்பாக இருப்பதுதான். கமாதா பெரிதாக வாதாடுவதில்லை. விடுதி அறை, ஓவர்டைம், அடிபட்ட சக தொழிலாளி, வேலை முடிந்தால் தூங்குவதைத் தவிர வேறெதற்கும் தெம்பில்லாத உடம்பு, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. படிக்கும்போது சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பே அந்த வேலையைப் பற்றிய தகவல்தான்.

ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியலிடுகிறார். அதில் ஒன்று காத்திருத்தல். இன்ஜினியராகப் படித்தால் சரிதானே என்று தலையாட்டுவோம். கமாதாவைப் படித்த பிறகு அந்த வரியை என்னால் அப்படியே கடக்க முடியவில்லை. லைனில் நிற்பவருக்குக் காத்திருக்கும் சில நொடிகள்தான் நிமிர்ந்து மூச்சு விடுகிற நேரம். ஒரே நொடி, ஒரு புத்தகத்தில் விரயம், இன்னொன்றில் ஓய்வு. விரயத்தை ஒழித்ததில் மிச்சமான நேரம் யாருக்குப் போனது என்பதுதான் கேள்வி.

குறையும் உண்டு. கமாதா ஆறு மாதத்தில் கிளம்பிவிடப் போகிறவர். வீட்டுக்கடனும் பிள்ளைகளும் இருக்கிற நிரந்தரத் தொழிலாளி ஏன் அங்கேயே இருந்தார், அவருக்குப் பெருமை என்று ஏதாவது இருந்ததா என்பதற்கு இந்தப் புத்தகத்தில் போதிய பதில் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நிலைமையை இன்றைய டொயோட்டா மேல் ஏற்றுவதும் தப்பு.

ஏசி அறையில் உட்கார்ந்து டிக்கெட் நகர்த்துகிற நான், என்னை கமாதாவோடு ஒப்பிட்டுக்கொண்டால் அது அபத்தம். ஆனால் ஒரு முறையைக் கடன் வாங்கும்போது, அதை வகுத்தவரின் புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது. அதற்குள் நின்று வேலை செய்தவரையும் படிக்கணும். அடுத்த தடவை யாராவது மீட்டிங்கில் 'ஐடில் டைம்' என்று ஆரம்பித்தால், அது யாருடைய நேரம் என்று கேட்கலாம்னு இருக்கேன்.