நம்பர் இல்லாத இழை

நூல் வாங்கும்போது முதலில் எழும் கேள்வி நம்பரைப் பற்றியதுதான். 20ஆ, 40ஆ, 80ஆ? பருத்தி நூலில் இந்த எண் ஏற ஏற நூல் மெலியும். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். 20ஆம் நம்பரில் ஒரு கிலோ நூல் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளும். 100ஆம் நம்பரில் ஏறத்தாழ 169 கிலோமீட்டர். பட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதே டெனியர். அங்கே எண் ஏறினால் இழை தடிக்கும். ஒரே தறியில் ஏறக்கூடிய இரண்டு நூல்களுக்கு எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு எண்கள்! நம்பர் சொல்வது நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவை மட்டுமே. அந்த நூல் எதற்குப் பொருந்தும் என்பதை அது சொல்வதில்லை. ஓர் இழையின் பருமன் சரியா தவறா என்பதை, அது எந்த இழையோடு பின்னப்படப்போகிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். இதற்குத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கைமேல் வைத்திருக்கும் சான்று பத்தமடைக் கோரைப் பாய்.

அந்த ஆற்றங்கரையில் இரண்டு வகை அளவுகோல்கள் இருந்திருக்கின்றன. ஆறு மலையைவிட்டு இறங்கும் பாபநாசத்தை ஒட்டி, விக்கிரமசிங்கபுரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை எழுந்தது. விழும் நீரின் விசை கதிர்களைச் சுழற்றியது. அங்கே நூல் நம்பரோடு பிறந்தது. அதே ஆற்றின் நீர் கன்னடியன் கால்வாய் வழியே கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்களைத் தொட்டுக்கொண்டு பத்தமடைப் பக்கம் வருகிறது. இங்கே நீர் எதையும் சுழற்றுவதில்லை, கோரையை ஊறவைக்கிறது. கோரைக்கு நம்பர் கிடையாது. அடியில் தடித்து நுனியில் மெலியும் புல்லுக்கு ஒரே எண்ணை எப்படி இடுவது? அதன் பருமனைக் கத்தியும் விரலும்தான் தீர்மானிக்கின்றன. பச்சையாக அறுத்து, காயவைத்து, கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மறுபடி காயவைக்கிறார்கள். சாதாரணப் பாய்க்குக் கோரையை ஓரளவு கீறினால் போதும். பட்டுப் பாய் என்று பெயர் பெற்ற நயமான பாய்க்கு உள்ளிருக்கும் சோறு நீங்கி, புறத்தோல் மட்டும் இழையிழையாகப் பிரிய வேண்டும். தலைமுறைகளாக இந்த வேலையைக் காத்துவருபவர்கள் அவ்வூர் லெப்பைக் குடும்பத்தார், பெரும்பாலும் பெண்கள்.

தறியில் நடப்பதைக் கவனித்தால் பருமனின் பொருள் விளங்கும். தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் நெடுக்கே ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே போகும் ஊடை கோரை. நெசவில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இரண்டு இழைகளில் ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும். முழுக்கோரை விறைப்பானது, அது வளையாது. ஆகவே வளைவு முழுவதையும் பாவு நூலே சுமக்கிறது. அங்கே மெல்லிய நூலைக் கட்டினால் கோரையின் விளிம்பில் உரசி உரசி அது அறுந்துபோகும். தடித்த, முறுக்கேறிய நூல்தான் தாங்கும். கோரையைக் கீறிக் கீறி மெலியவைத்தால் அதற்கும் வளையும் குணம் வருகிறது. பாவின் பாரம் குறைகிறது, நூலும் மெலியலாம். அந்த மெல்லிய கோரையின்மேல் பழைய தடித்த நூலையே போட்டால் என்ன ஆகும்? பாயில் வரப்பு வரப்பாக நூல் புடைத்துத் தெரியும். கோரை இழை அதன்மேல் ஏறி இறங்கி ஒடியும். ஆக, பட்டுப் பாயின் மென்மை கோரையால் மட்டும் வந்ததுமல்ல, நூலால் மட்டும் வந்ததுமல்ல. இரண்டும் வளைவைப் பங்கிட்டுக்கொண்டதால் வந்தது. நம் பேச்சே இதற்குச் சாட்சி சொல்கிறது: சாதாரணப் பாயைச் சுருட்டுகிறோம், பட்டுப் பாயைத் துணிபோல மடிக்கிறோம்.

அப்படியானால் மெல்லியதே மேலானது, விலையும் அதைத்தானே சொல்கிறது என்று ஒருவர் கேட்கலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனது நயமான பாய்தான் என்று ஊர் பெருமையோடு சொல்லும். மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாயும் அந்த இனமே. இவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விலை காட்டுவது அதில் கரைந்த நாட்களை. தினமும் விரித்து, வியர்வை பட்டு, சுருட்டி மூலையில் சாத்தப்படும் பாய்க்குத் தடித்த கோரையே ஏற்றது. அதன் சோறு மெத்தென்று தாங்கும், ஈரத்தை வாங்கிக்கொள்ளும், இழைகளுக்கு நடுவே காற்றுப் போகும். பட்டுப் பாயை அந்த உழைப்புக்கு இழுப்பது பாய்க்கும் படுப்பவருக்கும் நல்லதல்ல.

விரல் ஆளுக்கு ஆள் மாறும், எண் மாறாது என்பது இன்னொரு மறுப்பு. நியாயமான மறுப்புதான், வாங்குபவரும் விற்பவரும் ஏமாறாமல் இருக்க எண் வேண்டும். ஆனால் அந்த எண்ணும் ஒரு பொருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. நூலின் உறுதி, பஞ்சின் நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில் இருக்கிறது. நூல் மெலியும்போது அதன் குறுக்கே நிற்கும் நார்கள் குறையும். குறைந்த நார்கள் பிடித்து நிற்க அவை நீளமாக இருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி குட்டை நார்ப் பஞ்சு; தாழ்ந்த நம்பர் நூலுக்கே அது இசையும். 1974இல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட சுவின் போன்ற மிக நீண்ட நார்ப் பருத்திதான் 100, 120ஆம் நம்பர்களுக்கு இடம்கொடுக்கிறது. கருங்கண்ணியைத் தரம் தாழ்ந்தது என்பது பிழை. மானாவாரிக் கரிசலில் வறட்சியைத் தாங்கி நின்ற செடி அது. முரட்டுத் துணிக்கு வேண்டிய நூலை அது தந்தது.

ஆகவே தேர்ந்தெடுக்கும் முறை எளியது. முதலில் பயனை முடிவு செய்ய வேண்டும், நம்பர் பிறகு வரட்டும். குரோஷா, கம்பளி வேலை செய்பவர்கள் நூலை ஓர் அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணுவார்கள். பாய்க்கும் அது பொருந்தும்: ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கோரை நிற்கிறது என்று எண்ணலாம். பிறகு இரு ஓரங்களையும் தடவிப் பார்க்கலாம். அடியும் நுனியும் மாற்றி மாற்றி வைத்து நெய்திருந்தால் இரண்டு ஓரமும் ஒரே கனமாக இருக்கும்; இல்லையென்றால் ஒரு பக்கம் தடித்துக் கிடக்கும். பட்டுப் பாய் என்று விற்கப்படுவதை இலேசாக மடித்தும் பார்க்க வேண்டும். மடிப்பில் கோரை நொறுங்கினால் கீறியது போதாது. நூல் பிதுங்கினால் பாவு தடிப்பு. இரண்டும் ஒன்றாக மடிந்து ஒன்றாக நிமிர்ந்தால், அந்தப் பாயில் நூலும் கோரையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தவை.