வெள்ளிப் பேய்க்கும் குடும்பக் காருக்கும் நடுவில் ஒரு டிரைவர்

"இன்னைக்கு நடுத்தரக் குடும்பம் ஓட்டுற கார், நூறு வருஷத்துக்கு முந்தின ராஜாக்களோட காரை விட உசத்தி." நானே பல தடவை இப்படிச் சொல்லியிருக்கேன். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் பற்றிக் கொஞ்சம் தோண்டிப் படித்த பிறகு, இந்த ஒப்பீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

முதலில் எண்கள். 1907 கோஸ்ட்டில் ஆறு சிலிண்டர், 7,036 சிசி இன்ஜின். சக்தி சுமார் 48 குதிரைத்திறன். இப்போது ஐரோப்பாவில் விற்கும் 1.8 லிட்டர் டொயோட்டா கொரோலா ஹைப்ரிட், மோட்டாரையும் சேர்த்து சுமார் 140 தருகிறது. 1920களின் தொடக்கம் வரை கோஸ்ட்டின் முன்சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. ஏர்பேக் பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலான ஒப்பீடுகள் இதோடு முடிந்துவிடும்.

சரி, அந்த வண்டியை யார் ஓட்டினார்கள்? 1919-இல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வரும்வரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்பணும். தீப்பொறி எப்போது விழணும் என்பதை ஸ்டீயரிங் நடுவில் உள்ள லீவரால் சரிசெய்யணும். சிங்க்ரோமெஷ் கிடையாது, கிளட்சை இரண்டு தடவை மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் கணித்துக் கியர் மாற்றணும். முதலாளிகளில் பலர் இதையெல்லாம் செய்யவில்லை. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் செய்தார். வால்நட் மரமும் தோல் சீட்டும்கூட ரோல்ஸ் ராய்ஸ் கொடுத்ததில்லை. கம்பெனி விற்றது சேஸிஸ் மட்டும். பாடி கட்டியது வேறு பட்டறைகள். ஆக, அன்றைய சொகுசில் பெரும்பங்கு வேறொருவர் நமக்காகப் பாடுபடுவதுதான்.

அந்த டிரைவர் இன்று எங்கே போனார்? பானெட்டுக்குள் இருக்கும் ஈசியூ பெட்டிக்குள். தீப்பொறி நேரத்தை அதுவே கணக்கிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க இன்னொரு பெட்டி. குடும்பக் கார் நமக்குக் கொடுத்தது ராஜாவின் சீட்டை அல்ல, ராஜாவின் டிரைவரை. கோஸ்ட் மொத்தம் செய்யப்பட்டது 7,874. கொரோலா விற்பனை 5 கோடியைத் தாண்டிவிட்டது. இது சாதாரண சாதனை இல்லை.

"ஆனா பழசு உழைக்குமே?" என்பார்கள். 1907-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மேற்பார்வையில் ஒரு கோஸ்ட் சுமார் 24,000 கிலோமீட்டர் ஓடியது. பிறகு பிரித்து, எந்த பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். தரம் உண்மைதான். ஆனால் இன்றும் ஓடும் கோஸ்ட்டுகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. பணமும் பட்டறையும் கொட்டிக் காப்பாற்றப்பட்டவை அவை.

எனக்கு உறுத்துவது வேறு இடம். பழைய டிரைவரிடம் "என்னப்பா சத்தம்?" என்று கேட்கலாம், இறங்கி, பானெட்டைத் திறந்து காட்டுவார். இந்தப் புது டிரைவர் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் வாய் திறக்கிறார். கோஸ்ட்டின் உடைந்த பாகத்தை நல்ல கடைசல்காரர் ஒருவர் இன்றும் லேத்தில் செய்துவிட முடியும். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட சிப்பை எந்த லேத்திலும் கடைய முடியாது.

அதனால் குதிரைத்திறன் பட்டியலை விடுங்கள். உசத்தியான கார் எது என்று யாராவது கேட்டால், நான் இனிமேல் திருப்பிக் கேட்கப் போவது ஒன்றுதான்: அதன் டிரைவர் யாருடைய பேச்சைக் கேட்பார்?