நூலக முகவரி மாற்றமும் மேற்கோளின் நிலைபேறும்

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் இன்று இணைய நூலகப் பக்கங்கள் மிகுதியாக இடம்பெறுகின்றன. அப்பக்கங்களின் முகவரி மாறும்பொழுது, பழைய முகவரியைக் கொண்டு வருவோர்க்கு நூலகம் செய்யக் கடவது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம். இது பொறியாளர் பொருள் என்று தமிழாய்வாளர் ஒதுக்குவது பொருந்தாது. மேற்கோளைச் சரிபார்க்க இயலாத ஆய்வு, ஆய்வாகாது.

இணையத்திற்கு முன்னரே இச்சிக்கல் இருந்தது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளுக்குக் கல்வெட்டுத்துறை 1898-ஆம் ஆண்டின் 1, 2 என்னும் எண்களை வழங்கியது. அத்துறையின் தலைமையகம் 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்குப் பெயர்ந்தது, எண்கள் பெயரவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும், வேறு வரிசையெண்ணோடு பாடத்தை அச்சிட்டபொழுது பழைய ஆண்டறிக்கை எண்ணை உடன் குறிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். வழிமாற்று என்று இன்று நாம் கூறுவது இதுவே.

ஊர்ப்பெயர் வழியே தேடுவோர்க்கு இவ்வசதி இல்லை. வி. ரங்காசாரியார் 1919-இல் வெளியிட்ட கல்வெட்டுப் பட்டியல் மாவட்டவாரியானது. அதில் உத்திரமேரூர் செங்கற்பட்டு மாவட்டத்தின்பாற்படும். அம்மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் தோன்றிற்று. உத்திரமேரூரோ பாலாற்றங்கரை வாலாஜாபாத்தோ அதில் இல்லை. பழைய பெயர் வேறொன்றைச் சுட்டத் தொடங்கிவிட்டது. புதுப்பிக்கப்படாத இணைய முகவரியைப் பிறர் விலைக்கு வாங்கும்பொழுதும் இதுவே நேர்கின்றது. வழி அடைபட்டால் படிப்போன் நின்றுவிடுவான். பிறர் வீட்டிற்குள் சென்றானாயின் தான் வழிதவறியதையும் அறியான்.

இணைய வழங்கி, ஒரு பக்கத்தை நாடுவோர்க்கு முதற்கண் ஓர் எண்ணால் விடையிறுக்கின்றது. 404 என்பது 'காணப்படவில்லை'; 410 என்பது 'நீக்கப்பட்டுவிட்டது'; 302 என்பது 'தற்காலிகமாக வேறிடத்தில் உள்ளது'; 301 என்பது 'நிலையாகப் பெயர்ந்தது' என்று கூறிப் புதிய இடத்தையும் காட்டுவது. 301-ஐக் கண்ட தேடுபொறி தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். பழைய பெயரமைப்பும் புதிய பெயரமைப்பும் ஒழுங்குற இயைந்தால், ஆயிரம் பக்கங்களுக்கு ஒரே விதி போதும்.

ஆயின், சில தளங்களில் யாம் காணும் வழக்கம் வேறு. பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுகின்றனர். அகநானூற்றின் ஒரு பாடலை நாடி வந்தவனை வாயிலில் நிறுத்தி, 'உள்ளே எங்கேனும் இருக்கும்' என்பது போன்றது இது. 404-ஐவிட இது தீது என்பது எம் கருத்து. இணைப்புகளைச் சோதிக்கும் நிரல் ஏதோ ஒரு பக்கம் கிட்டியதால் நிறைவடைகின்றது. இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

முகவரியே மாறலாகாது என்பார் உளர். உலகளாவிய வலையை உருவாக்கிய திம் பெர்னர்சு-லீ 1998-இல் எழுதிய கட்டுரையின் சாரம் அதுவே. கோப்பு வகை, பொறுப்பாளர் பெயர் முதலிய மாறுந்தன்மையவற்றை முகவரியில் வைத்தல் கூடாதென்பார் அவர். கொள்கை நன்று. நிறுவனங்களோ பெயர் மாறுகின்றன. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று; எனினும் அதன் தள முகவரியில் பழைய பெயரின் சுருக்கமே நிற்கின்றது. பொருந்தாப் பெயர் என்று சிலர் குறைகூறலாம். யாம் அதனைப் பாராட்டுகின்றோம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டமும் எழுத்துக் குறியீட்டைத் தஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபொழுது நூல்வரிசை எண்களை விடாது காத்தது.

வழிமாற்றை எத்துணைக் காலம் வைத்திருத்தல் வேண்டும்? தேடுபொறிக்கு ஓராண்டு போதும் என்பர். பல்கலைக்கழக அலமாரியில் உள்ள ஆய்வேடு அத்துணை விரைவில் மறைவதில்லை. ஆகலின் நூலகம் கால எல்லை வகுத்தல் தகாது.

அடிக்குறிப்பெழுதுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. முகவரியோடு நூற்பெயர், பதிப்பாண்டு, செய்யுளெண், பார்த்த நாள் ஆகியவற்றையும் தருக. 1996 முதல் இணையப் பக்கங்களைத் திரட்டிவரும் இணைய ஆவணக் காப்பகத்தில் மறைந்த பக்கத்தைக் காண்பதற்குப் பழைய முகவரியே பெரிதும் துணையாகும். பெருநூலகம் அருகில்லாத வாலாஜாபாத்திலிருந்து ஆய்வு செய்யும் மாணவர்க்குச் சிலபோது அஃதொன்றே வழி. மறுபதிப்பில் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதியதை மட்டும் அச்சிடும் பதிப்பாசிரியர் அவ்வழியையும் அடைத்துவிடுகின்றனர்.