சிப்பியும் முத்தும்: கொழும்பு நூதனசாலை குறித்து ஒரு நோக்கு

நூதனசாலையை ஒரு நூலாகக் கொண்டு வாசிக்கும் பழக்கம் நம்மிடையே அரிது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பாடசாலைப் பிள்ளைகளாகக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சென்று மீண்டோர் நம்மிற் பலர். எனினும், எப்பொருள் எதனருகே வைக்கப்பட்டது, அவ்வைப்புமுறை யாது கருதியது என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. நூலாயின், அதன் அதிகார வைப்புப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருப்போம்!

தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்ட அந்நிலையம், சிலையையும் சாசனத்தையும் பறவையையும் பாம்பையும் ஒரே நிறுவனத்திற்குள் அடக்கியிருந்தது. (அதனைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார், தமக்குப் பரிசாக வெள்ளிக்கிழமை விடுமுறையையே வேண்டினார் என்றொரு கதை வழங்கும், சான்று தேடுவோர் தேடுக.) 1986இல் இயற்கை வரலாற்றுக்கெனத் தனி நூதனசாலை அருகே திறக்கப்பட்டது. அறிவியல் நோக்கில் இதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் இப்பிரிப்பு ஓர் உரையுமாகும். மனிதன் ஆக்கியவை ஒருபுறம், அவனின்றித் தோன்றியவை மறுபுறம் என்பதே அவ்வுரையின் சாரம்.

இதனை ஏற்றல் எளிதன்று. மன்னார்க் கடலின் முத்தை எடுத்துக்கொள்வோம். அக்கடற் சிப்பிகளை ஆராயவே 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இங்கிலாந்திலிருந்து வந்தார். அவரது அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளியாயிற்று. முத்துக்குளிப்பிலே குளிப்பவனின் மூச்சும் அரசின் வருமானக் கணக்கும் சிப்பியின் உடற்கூறும் ஒரே வரலாறு. சிப்பியை இக்கட்டடத்திற்கும் முத்தை அக்கட்டடத்திற்கும் உரியதாக்குவோன், இடையிலே மூழ்கியவனை எங்கே வைப்பான்?

இதனினும் கூர்மையான சான்று ஒன்றுண்டு. 1963 சனவரி 26ஆம் நாள், வெள்ளவத்தையிலிருந்து தெற்கே மூன்றாம் புகையிரத நிலையமாகிய இரத்மலானையின் கரையில், அலகு நீண்ட திமிங்கிலமொன்று ஒதுங்கிற்று. 1939 முதல் 1963 வரை நூதனசாலைப் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அதனைப் புதிய இனமெனக் கண்டார். விஞ்ஞானப் பெயரின் இலத்தீன் மரபுக்குள்ளே சிங்களச் சொற்களைப் புகுத்திப் பெயருமிட்டார்: 'ஹொட' அலகு, 'உல' கூர்மை. 1958இல் யப்பானில் விவரிக்கப்பட்ட இனமே இதுவெனக் கூறிப் பிற அறிஞர் அப்பெயரை விரைவிலேயே தள்ளினர். ஐம்பத்தோராண்டு கழிந்து, 2014இல், இரத்மலானை மாதிரி உட்பட ஏழு மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு தெரணியகலவின் முடிபையே நிலைநாட்டியது. எலும்பைப் பேணிவைத்ததனாலேயே தீர்ப்பு மாறிற்று. எலும்பு உயிரியலுக்குரியது; பெயரோ ஒரு மக்களின் மொழிக்குரியது. இரண்டையும் பிரித்துக் காட்டினால் இக்கதையிற் பாதி மறைந்துவிடும்.

தமிழர்க்கு இங்கே தனியே ஒரு பணி உண்டு. 'திமி' என்னும் மீனை விழுங்குவது எனப் பொருள்படும் வடசொல்லையே, முலையூட்டிகளாகிய இவ்வுயிர்கள் எல்லாவற்றுக்கும் வழங்கி நாம் அமைந்துவிட்டோம். தமிழிற் பெயர்ச்சீட்டு எழுதுவோர் இலத்தீனை ஒலிபெயர்த்து நின்றுவிடாது, 'கூரலகுத் திமிங்கிலம்' என எழுதி, அடியிலே 'இரத்மலானை, 1963. மீண்டும் ஏற்கப்பட்டது, 2014' என ஒருவரி சேர்ப்பாராயின், பார்ப்போன் அவ்வெலும்பின் முன் இன்னுஞ் சற்று நேரம் நிற்பான்.