விளக்கு சிமிட்டாத பென்டிரைவ்

பழைய லேப்டாப் ஒன்றில் பென்டிரைவைச் செருகி பப்பி லினக்ஸைக் கிளப்பினால், கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடும். அவற்றில் ஒன்று, முக்கியக் கோப்பை ராமுக்கு நகலெடுப்பதாகச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நிற்கும். அந்த நேரம் முழுக்க பென்டிரைவின் குட்டி விளக்கு படபடவென்று சிமிட்டும். டெஸ்க்டாப் வந்ததும் அடங்கிவிடும். அதன்பின் கடிதம் எழுதினாலும் கணக்குப் போட்டாலும் வெகுநேரம் விளக்கில் சலனமே இருக்காது. இலகுரக இயங்குதளத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் பார்க்கவேண்டியது இந்த அமைதியைத்தான்.

ஆனால் பலர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை. கிளம்பியதும் எவ்வளவு ராம் பிடிக்கிறது என்று 'ஃப்ரீ' கட்டளையில் பார்த்து, 'யூஸ்டு' என்ற கட்டத்தில் எது குறைவோ அதற்கு மாலை போட்டுவிடுகிறார்கள். அதே வரியில் 'பஃப்/கேஷ்' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்ததை, திரும்பக் கேட்டால் உடனே கொடுப்பதற்காக லினக்ஸ் ராமிலேயே வைத்திருக்கும். வேறு நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் அதில் பெரும்பகுதியைக் காலி செய்து கொடுத்துவிடும். சும்மா கிடக்கும் ராமால் யாருக்கும் லாபமில்லை. கண் போகவேண்டிய இடம் 'அவைலபிள்' கட்டம். புதிய நிரல்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று லினக்ஸின் மையமான கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் எண் அது. 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இருக்கிறது.

ராமைவிடச் சுவையான ஆட்டம் டிஸ்கில் நடக்கிறது. சாதாரணமாக நிறுவிய லினக்ஸ் ஒன்றில் டெர்மினலைத் திறந்து 'விஎம்ஸ்டாட் 1' என்று கொடுத்தால், நொடிக்கு ஒரு வரி இறங்கிக்கொண்டே இருக்கும். 'பிஓ' என்ற கட்டம் அந்த நொடியில் டிஸ்குக்குப் போனதைக் காட்டும். இன்னொரு ஜன்னலில் ஒரு சின்னக் கோப்பை நகலெடுக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் 'பிஓ' பெரும்பாலும் பூஜ்யத்திலேயே நிற்கும். கோப்பு இன்னும் ராமில்தான் இருக்கிறது. கெர்னல் 5 நொடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 நொடியைத் தாண்டிக் காத்திருப்பதை டிஸ்குக்கு அனுப்பும். வழக்கமான அமைப்பு இதுதான். திடீரென்று எண் துள்ளும், அடுத்த வரியிலேயே படுத்துவிடும். பென்டிரைவைச் சொல்லாமல் பிடுங்கக் கூடாது என்பதன் காரணம் கண்ணெதிரே தெரிகிற கணம் அது.

ஒரு காலத்தில் படிப்பதே எழுத்தாகவும் இருந்தது. கோப்பை யார் படித்தாலும், படித்த நேரத்தை டிஸ்கில் குறித்துவைக்கும் வழக்கம் யூனிக்ஸ் காலத்திலிருந்து வந்தது. நூறு கோப்பைப் படித்தால் நூறு குறிப்பு. 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் அதைத் தளர்த்தி, பெரும்பாலான குறிப்புகளைத் தவிர்த்தது. பயனர் யாரும் கவனிக்காத மாற்றம். டிஸ்குக்கோ பெரிய ஓய்வு.

பப்பியின் வித்தை இதற்கும் ஒரு படி மேலே. பப்பி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கௌலர் 2003-இல் வெளியிட்டது. இயங்குதளத்தின் பெரும்பகுதி சுருக்கிய ஒரே கோப்பாக இருக்கும். அதை யாரும் திருத்த முடியாது. பள்ளியில் வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் விரித்துக் கோடு போடுவோமே, அதுபோல ராமில் ஒரு மெல்லிய அடுக்கை அதன்மேல் விரிக்கிறார்கள். புதிதாக எழுதுவதெல்லாம் மேல்தாளில். கீழே உள்ள கோப்பை அழித்தால், அது உண்மையில் அழிவதில்லை. 'இது இல்லை' என்று ஓர் அடையாளம் மேல்தாளில் விழும். அந்த அடையாளத்துக்கு 'ஒயிட்அவுட்' என்றே பெயர், எழுத்துப்பிழையை மறைக்கும் வெள்ளை மை போல. பென்டிரைவிலிருந்து ஓடும்போது மேல்தாளில் சேர்ந்ததைக் குறித்த இடைவெளியில், வழக்கமாக அரை மணிக்கு ஒருமுறை, மொத்தமாக இறக்கிவைக்கும். அவசரமென்றால் டெஸ்க்டாப்பில் 'சேவ்' ஐகான் இருக்கிறது.

இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று ஃபிளாஷ் சில்லைப் பார்த்தால் புரியும். அதில் எழுதுவது சில கிலோபைட் பக்கங்களாக. அழிப்பது அதைவிடப் பலமடங்கு பெரிய தொகுதிகளாக. ஒரு வரியை மாற்றினாலும் உள்ளே பெரிய இடமாற்றம் நடக்கலாம். மலிவான சில்லின் ஒவ்வொரு தொகுதியும் சில ஆயிரம் அழிப்புகளுக்குமேல் தாங்காது. சிறிதுசிறிதாக ஓயாமல் எழுதுவதைவிடச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் எழுதுவது அதற்கு எவ்வளவோ நல்லது.

இதற்கு விலையும் உண்டு. இருபத்தைந்தாவது நிமிடத்தில் மின்சாரம் போய், பேட்டரியும் செத்துக் கிடந்தால் இருபத்தைந்து நிமிட வேலை போய்விடும். கட்டுரை எழுதுகிறவர் பத்தி முடிந்ததும் 'சேவ்' ஐகானைத் தொடும் பழக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

கடைசிச் சோதனை பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸ், திறந்திருக்கும் பக்கங்களின் நிலையை 15 நொடிக்கு ஒருமுறை கோப்பில் பதிந்துகொள்ளும் வழக்கமுடையது. சாதாரணமாக நிறுவிய லினக்ஸில் பத்து பக்கங்களைத் திறந்துவைத்து உலாவினால் 'பிஓ' கட்டம் சும்மாவே இருக்காது. பென்டிரைவில் ஓடும் பப்பியில் அதே பத்து பக்கங்களைத் திறந்து பார்க்கலாம். பதிவுகள் எல்லாம் ராமில் விரித்த மேல்தாளிலேயே விழுகின்றன. 'அவைலபிள்' எண் மெல்லக் கரைவது தெரியும். 'பிஓ'வில் பூஜ்யத்தின்கீழ் பூஜ்யமாக வரிசை நீளும், அடுத்த 'சேவ்' வரைக்கும்.