ரோகிணி ஆற்றிலிருந்து போதி மரத்துக்கு

முதியவர், நோயாளி, பிணம். இவற்றைப் பார்த்ததும் சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போனான் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' இதை ஏற்பதில்லை. 29 வயதுவரை ஒருத்தன் முதுமையையும் சாவையும் பார்க்காமலா இருந்திருப்பான் என்று முன்னுரையிலேயே கேட்டுவிடுகிறார்.

அவர் சொல்லும் கதை வேறு. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியர்களுக்கும் கோலியர்களுக்கும் தகராறு. போர் வேண்டாம் என்கிறான் சித்தார்த்தன். சங்கத்தில் தோற்றுப்போகிறான், நாட்டைவிட்டு வெளியேறச் சம்மதிக்கிறான். அப்புறம் இரு தரப்பும் சமாதானமாகிவிடுகின்றன. இனி வீடு திரும்பலாமே? அவன் திரும்பவில்லை. நாடுகளுக்கிடையே சண்டை எப்போதாவதுதான் வரும். வர்க்கங்களுக்கிடையிலான மோதல் ஓயாதது. அதற்கு விடை தேடித்தான் போதி மரத்தடியில் அமர்கிறான்.

இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்துகின்றன. வேலைப்பளு அப்படியே இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ள மனசைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். அம்பேத்கரின் புத்தர் உலகத்தின் துன்பத்தை எப்படி நீக்குவது என்ற கேள்வியோடு கண்களை மூடுகிறார். பிக்கு என்பவர் தன்னளவில் முழுமை பெற்ற மனிதரா, சமூகத் தொண்டரா என்றும் முன்னுரை கேட்கிறது. அம்பேத்கரின் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

ஆனால், இங்கேதான் நூல் என்னைப் பாதியில் விட்டுவிடுகிறது. தியானம் இதில் பெரும்பாலும் தர்க்கச் சிந்தனையாகவே வருகிறது. மாரனின் தாக்குதல் தீய எண்ணங்களாகச் சுருங்கிச் சில பத்திகளில் முடிந்துபோகிறது. அநீதியைத் தினமும் பார்க்கிறவனுக்கு வரும் கோபத்தை என்ன செய்வது? அது கூட இருப்பவர்கள்மீதே திரும்பும்போது எப்படி நிறுத்துவது? மைத்ரி பற்றி நூல் பேசுகிறது. அதை மனசில் வளர்க்கும் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி கிடையாது.

1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றவர், டிசம்பர் 6இல் மறைந்தார். நூல் வெளிவந்தது 1957இல். உடல்நலம் குன்றிய நிலையில், ஒரு மக்கள் கூட்டத்துக்கான அறநூலாக அவர் எழுதியது இது. தனிமனிதப் பயிற்சிக் கையேடு அவருடைய நோக்கமாக இருந்திருக்காது. அதனால் இந்தக் குறையோடும் நான் இதைப் பரிந்துரைப்பேன். தியானம் பழகுகிறவர்கள் முன்னுரையை மட்டுமாவது வாசிக்கலாம். யாருக்காக உட்காருகிறோம் என்று அது கேட்கவைக்கும்.