பவணந்தியார் கூறிய இலக்கியம்

இலக்கியம் முன், இலக்கணம் பின் என்போர் பெரும்பாலும் நன்னூலையே சான்று காட்டுவர்; அத்தொடர் வரும் இடத்தை நோக்குவோர் குறைவு. அது பதவியலில் பெயர் இடைநிலை கூறும் நூற்பா. வினை இடைநிலைகள் காலம் காட்டுவன. ஆதலின் அவற்றை வகுத்தோத இயலும். பெயர்க்கு அது இயலாமையின், வழங்கும் சொல்லைக் கண்டு, பகுதி விகுதி பிரித்து, நடுவில் எஞ்சுவதை இடைநிலையாகக் கொள்க என்கிறார் பவணந்தியார். 'அறிஞன்' என்பதில் 'அறி' பகுதி, 'அன்' விகுதி, 'ஞ்' இடைநிலை. இங்கே இலக்கியம் என்பது காப்பியமும் அன்று, பாட்டும் அன்று. விதிக்கு இலக்காகும் சொல்லே. வடமொழி இலக்கணத்தாரும் விதியை இலட்சணம் என்றும், அது விளக்கும் சொல்லை இலட்சியம் என்றும் வழங்கினர். அத்தொடரைப் பொதுநெறியாக விரித்துக் கொள்ளலாம் எனினும், அப்போதும் அது சுட்டுவது மொழிவழக்கையே.

படைப்புகளைக் குறிக்கத் தொல்காப்பியர் ஆளும் சொல் செய்யுள். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் ஆகிய ஏழும் அதனுள் அடங்கும். விடுகதையும் பழமொழியும் அங்கே பாட்டோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. உரையாசிரியர் பேராசிரியர் 'சான்றோர் செய்யுள்' என்றதை நாம் 'சங்க இலக்கியம்' என்கிறோம். பெயர் மட்டுமன்று, எல்லையும் மாறிவிட்டது. 'லிட்டரேச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக 'இலக்கியம்' நிலைபெற்றபின், பிசியும் முதுசொல்லும் 'நாட்டுப்புற' என்னும் அடையோடுதான் அதனுள் இடம்பெறுகின்றன. செய்யுளியல் அறியாத அடை இது.